அஞ்சடிப் பாதையில் ஒரு கடை

பிற நாடுகளுக்குச் செல்வோரிற் பலர் அண்ணாந்து பார்த்துவிட்டே ஊர் திரும்புகின்றனர். கோபுரங்களும் மாடமாளிகைகளும் மேகத்தைத் தொடும் மாடிக்கட்டிடங்களுமே அவர்தம் கண்களை ஈர்க்கின்றன. சிங்கப்பூருக்குச் செல்பவருக்கோ கழுத்து வலியும் மிச்சமாகும். முன்னர் இருமுறை அந்நகரத்துக்குச் சென்றிருந்தபோது நாமும் அவ்வாறே அண்ணாந்து திரிந்தோம். ஆனால் இம்முறை, அங்கு தங்கியிருந்த ஐந்து நாட்களும் எமது பார்வை நிலமட்டத்தைவிட்டு உயரவேயில்லை. கட்டிடங்களின் கீழ்த்தளங்களை மட்டுமே பார்த்துத் தெருத்தெருவாக நடந்தோம். அதற்குக் காரணமாக இருந்தவர் எமது அத்தான்.

அத்தானும் அக்காவும் சிங்கப்பூர்க் குடிகளாகி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகின்றன. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு கிளைத்தெருவில், பழைய கடைவீடொன்றின் கீழ்ப்பகுதியில், சிறியதொரு சைவ உணவுச்சாலையை அவர்கள் நடத்திவந்தார்கள். காலையில் இடியப்பமும் சொதியும், மாலையில் பிட்டும் சம்பலும் அங்கு கிடைக்கும். கடைவீட்டின் உரிமையாளர் காலமானபின் அவருடைய பிள்ளைகள் அதனை விற்கத் தீர்மானித்துவிட்டனர். வாடகைத் தவணை முடிந்ததும் வெளியேற வேண்டும். இந்நிலையில், புதிதாக எழும்பியிருந்த ஒரு கட்டிடத்தில், மேலே குடியிருப்பு வீடுகளும் கீழே கடைகளுமாக அமைந்த அதில், கடை வாடகைக்கு உண்டு என்ற செய்தி அத்தானுக்குக் கிடைத்தது. "தம்பி, நீரும் வாரும். இரண்டு கண்ணிலும் நாலு கண் நல்லது" என்றார். ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தை ஒரு கடைக்குள் போட அவர் எண்ணியிருந்தார். பதில் சொல்வதற்கு அவருக்கு இருந்தவை எட்டே நாட்கள்.

முதல் நாட்காலை பழைய கடையின் வாசலில் அமர்ந்து தேநீர் அருந்தினோம். அந்த வாசலைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். சிங்கப்பூரின் பழைய கடைவீடுகள் முன்புறம் ஒடுங்கி, உட்புறம் நீண்டு செல்பவை. கீழே வியாபாரம், மேலே குடித்தனம். நடுவே காற்றுக்கும் வெளிச்சத்துக்குமாக ஒரு சிறு முற்றம். முன்புறத்திலே மேல்மாடி நீண்டு கவிந்திருக்க, அதன்கீழ்த் தூண் வரிசையுடன் ஒரு நடைபாதை செல்லும். ஒரு கடையின் நடைபாதை அடுத்த கடையின் நடைபாதையோடு சேர்ந்து தெரு முழுவதும் தொடரும். வெயிலும் மழையும் படாமல் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து போகலாம். ஆங்கிலத்திலும் மலாயிலும் ஐந்தடி என்ற அளவே இதற்குப் பெயராயிற்று. அங்குள்ள எம்மவர் அதனை 'அஞ்சடி' என்று அழைக்கின்றனர். ஐந்தடி என்பது பெயரளவிலேதான். அகலம் தெருவுக்குத் தெரு வேறுபடும்.

இந்த அமைப்பு தற்செயலாகத் தோன்றியதன்று. 1822ஆம் ஆண்டில் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபில்ஸ் நகர அமைப்புக் குழுவுக்கு வழங்கிய அறிவுறுத்தல்களில், செங்கல்லாலும் ஓட்டினாலும் கட்டப்படும் வீடுகள் ஒரே சீரான முகப்புக் கொண்டிருத்தல் வேண்டும் என்றும், தெருவின் இருபுறமும் இடையறாத திறந்த நடைபாதை அமைதல் வேண்டும் என்றும் பணித்தார். அன்று தொட்டே ஒரு வழக்கு ஓயாமல் நடந்து வருகின்றது. கடைக்காரனின் சுவருக்கு வெளியே, அவனுடைய கூரைக்குக் கீழே உள்ள அந்த ஐந்தடி நிலம் யாருக்குரியது? அவன் அங்கே சாக்குகளை அடுக்கினான். தையற்காரன் இயந்திரத்தை வைத்தான். நாவிதன் நாற்காலியைப் போட்டான். வழிப்போக்கன் வெயிலில் இறங்கி நடந்தான். 1888ஆம் ஆண்டில் நகரசபை அப்பாதைகளை வெறுமையாக்க முற்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டன. தெருக்களிலே கலகம் மூண்டது. வரலாற்று நூல்கள் அதனை 'வராந்தாக் கலகம்' என்று குறிக்கின்றன. கீழ்த்தளம் என்பது ஒரு கட்டிடத்தின் பகுதி மட்டுமன்று, தெருவின் பகுதியும் ஆகும் என்பதை அந்நகரம் இவ்வாறு கலகத்தின் மூலமும் கற்றுக்கொண்டது.

வாடகை பற்றியும் அத்தெருக்களுக்கு ஒரு கதை உண்டு. போருக்குப் பின், 1947ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கட்டிடங்களின் வாடகையை 1939ஆம் ஆண்டு நிலையிலேயே நிறுத்தியது. ஏழை எளியவர் வெளியேற்றப்படாமல் அது காத்தது உண்மையே. ஆனால் பழுதுபார்ப்பதற்கும் போதாத வாடகையைப் பெற்ற உரிமையாளர் கட்டிடங்களைக் கவனியாது விட்டனர். கூரைகள் ஒழுகின. சுவர்கள் வெடித்தன. 1989ஆம் ஆண்டில் லிட்டில் இந்தியா எனப்படும் இப்பகுதி பாதுகாக்கப்பட்ட மரபிடமாக அறிவிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாடும் முற்றாக நீக்கப்பட்டது. சுவர்களுக்குப் புதுவர்ணம் வந்தது. வாடகையும் வளர்ந்தது. அத்தானின் கடை இருந்த வரிசையைப் பார்க்கையில், ஒரு காலத்தின் தவறு வாடகை மிகக் குறைந்திருந்தமை என்றால், மறுகாலத்தின் அச்சம் அது எங்கே போய் நிற்கும் என்பதாக இருந்தது.

மறுநாள், கடைவீடுகளுக்குப் பிறகு வந்த குடியிருப்புகளைக் காணப் புறப்பட்டோம். தியோங் பாரு என்னுமிடத்தில், 1927ஆம் ஆண்டில் அமைந்த நகர மேம்பாட்டு நிறுவனம் கட்டிய மாடிவீடுகள் உள்ளன. அவற்றுள் முதலாவது 1936ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. வளைந்த மூலைகளையும் வெண்ணிறச் சுவர்களையும் உடைய அவ்வீடுகளின் சிலவற்றிலே, கீழே கடைகளும் அவற்றின்முன் அதே மூடுபாதையும் உள்ளன. கட்டிட வடிவம் மாறியபோதும் அஞ்சடி மாறவில்லை.

1960ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. இன்று அந்நாட்டுக் குடிகளிற் பத்துப் பேருக்கு ஏறக்குறைய எண்மர் அக்கழகம் கட்டிய வீடுகளிலேயே வாழ்கின்றனர். அம்மாடிகளின் கீழ்த்தளம் பெரும்பாலும் சுவரின்றித் தூண்களோடு வெறுமையாக விடப்பட்டுள்ளது. இடம் வீணாகிறதே என்று முதலில் எண்ணினோம். சிறிது நேரம் நின்று பார்த்தபின் எண்ணம் மாறியது. ஒரு மூலையிற் கிழவர்கள் சதுரங்கம் ஆடினர். மறுமூலையில் ஒரு மலாய்க் குடும்பத்தின் திருமணத்துக்குப் பந்தி விரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. சீனக் குடும்பங்களின் மரணச் சடங்குகளும் அங்கேயே நடைபெறும் என்று அக்கா கூறினார். சில கட்டிடங்களின் கீழே மட்டும் கடைகள். காப்பிக்கடை, மருந்துக்கடை, முடிதிருத்தகம், பலசரக்குக்கடை என அன்றாடத் தேவைக்கு வேண்டியவை அவை. அவற்றைக் கழகம் கேள்விப்பத்திர முறையில் வாடகைக்கு விடுகின்றது.

அன்று பிற்பகல், உட்லண்ட்ஸ் பகுதியில் அட்மிரல்டி இரயில் நிலையத்தின் அருகேயுள்ள கம்போங் அட்மிரல்டி என்னும் கட்டிடத்துக்குச் சென்றோம். 'கம்போங்' என்பது கிராமத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல். 2018ஆம் ஆண்டில் முறையாகத் திறந்துவைக்கப்பட்ட இக்கட்டிடம் அதே ஆண்டில் உலகக் கட்டிடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டிடமாகத் தெரிவு செய்யப்பட்டது. முதியோருக்கான 104 சிறு வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி, குழந்தைகள் பராமரிப்பு நிலையம், மாடித் தோட்டம் ஆகிய அனைத்தும் ஏறக்குறைய ஒரு ஹெக்டயர் நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. உணவங்காடி இரண்டாம் தளத்துக்கு ஏற்றப்பட்டுள்ளது. மருத்துவ நிலையம் அதற்கும் மேலே. மிகுந்த வாடகை தரக்கூடிய நிலமட்டத்தின் பெரும்பகுதியோ, யாரும் வந்து அமரக்கூடிய பொதுமுற்றமாகத் திறந்து கிடக்கிறது. நாம் சென்ற வேளையில் மழை பெய்துகொண்டிருந்தது. பாடசாலைப் பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வந்த முதியோரும் அம்முற்றத்தில் ஒன்றாக மழைக்கு ஒதுங்கியிருந்தனர். அத்தான் நெடுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இப்படி ஒரு முற்றத்தின் ஓரமாக எனக்கு ஒரு சிறு கடை கிடைத்தாற் போதும்" என்றார்.

மூன்றாம் நாள், அவர் வாடகைக்கு எடுக்க எண்ணிய கட்டிடத்துக்குச் சென்றோம். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. மேலே பல தளங்களில் வீடுகள். சிலவற்றிற் குடிவந்துவிட்டனர். கீழே ஒரு டசின் கடைகள். அவற்றுட் பாதி பூட்டிக் கிடந்தன. முகவர் ஓர் இளைஞர். மரியாதையுடன் எம்மை வரவேற்று, பெருந்தெருவை நோக்கிய மூலைக்கடையைத் திறந்து காட்டினார். எழுநூறு சதுர அடி, உயர்ந்த கண்ணாடி முகப்பு, வாசலில் பேருந்து நிறுத்தம். உள்ளே சென்றால் வெறும் சீமெந்துத் தரையும் மூடப்படாத குழாய்களுமே இருந்தன. புதிய கட்டிடங்களிற் கடையை இவ்வாறு வெற்றுக் கூடாகத்தான் ஒப்படைப்பார்கள். தரை, கூரைத்தட்டு, விளக்கு, நீர், சுவர் எல்லாம் வாடகையாளரின் செலவு. அவ்வேலைகளுக்காகச் சில வாரங்கள் வாடகை அறவிடாமல் விடுவதும் உண்டு. தவணை முடிந்து வெளியேறும்போது, செய்தவற்றை எல்லாம் அகற்றி மீண்டும் வெற்றுக் கூடாகவே ஒப்படைத்தல் வேண்டும். போட்டதும் செலவு, பெயர்ப்பதும் செலவு என்பதை எம்மவர் மறந்துவிடலாகாது.

அத்தானின் முகம் மலர்ந்திருந்தது. மேசைகளை எங்கெங்கே போடலாம் என்று மனத்துக்குள் கணக்கிடத் தொடங்கிவிட்டார். அப்பொழுது அதுவரை வாய் திறவாதிருந்த அக்கா, மேற்கூரையை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, புகை எங்கே போகும்?" என்று முகவரைக் கேட்டார்.

இளைஞர் வரைபடத்தை விரித்தார். நெடுநேரம் தேடினார். மேலே குடியிருப்போரின் வீடுகளுக்குள் புகையும் வாசனையும் செல்லாவண்ணம், சமையற் புகையைக் கட்டிடத்தின் உச்சிவரை கொண்டுசெல்லும் குழாய்வழி அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் அது உட்புறத்தே உள்ள மூன்று கடைகளுக்கு மட்டுமே வந்தது. மூலைக்கடை சாதாரணக் கடையாகவே அங்கீகாரம் பெற்றிருந்தது. உணவகமாக மாற்ற வேண்டுமாயின் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேறு, உணவு அமைப்பின் உரிமம் வேறு. அவை கிடைத்தாலும் புகைக்கு வழியில்லை. கண்ணாடி முகப்பின் அழகிலே எம் மூவரில் இருவர் மயங்கியிருந்த வேளையில், நாள்தோறும் அடுப்பின் முன் நிற்பவர் ஒருவரே அக்கேள்வியைக் கேட்டார். அந்த ஒரு கேள்வி ஆயுட்காலச் சேமிப்பைக் காத்தது என்று கூறினும் மிகையாகாது.

பின்பு உட்புறக் கடையைக் காட்டினார்கள். நானூறு சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. பெருந்தெரு கண்ணுக்குத் தெரியாது. இரயில் நிலையத்திலிருந்து வரும் மூடுபாதை கட்டிடத்தினூடே சென்று, வீடுகளின் மின்தூக்கிகளை அடையும் வழியில் அது இருந்தது. ஒரு சதுர அடிக்குரிய வாடகை மூலைக்கடையைவிட அதிகம். ஆயினும் பரப்பு சிறிதாகையால் மாதத் தொகை குறைவு. உள்ளே ஒளிந்திருக்கும் கடைக்கு யார் வருவார் என்று அத்தான் தயங்கினார்.

ஐயத்தைத் தீர்க்க ஒரு வழிதான் இருந்தது. நான்காம் நாள் அதிகாலை ஆறரை மணிக்கே அங்கு சென்று நின்றோம். நண்பகலிலும் சென்றோம். இரவு எட்டு மணிக்கும் சென்றோம். பெருந்தெருவில் வாகனங்கள் பறந்தன. ஆனால் மூலைக்கடையின் வாசலில் நடந்து சென்றவர் சிலரே. பேருந்திலிருந்து இறங்கியவர்கள் வெயிலுக்கு அஞ்சி உடனே மூடுபாதைக்குட் புகுந்துவிட்டனர். அலுவலகம் செல்வோர், பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தாய்மார், சந்தையிலிருந்து திரும்பும் முதியோர் என அனைவரும் உட்புறக் கடையின் வாசலைக் கடந்தே சென்றனர். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. அஞ்சடியின் இரகசியம் அதுவே. மனிதன் நிழல் உள்ள வழியே நடப்பான். கடை அந்த வழியில் இருத்தல் வேண்டும்.

ஐந்தாம் நாள், வாடகை ஒப்பந்தத்தின் நகலோடு ஒரு சட்டத்தரணியைச் சந்தித்தோம். மூன்று ஆண்டுத் தவணை. மூன்று மாத வாடகை வைப்புப் பணம். பொதுப்பராமரிப்புக் கட்டணம் புறம்பானது. சட்டத்தரணி முதலிற் புரட்டியது வாடகைக் கணக்கு எழுதப்பட்ட பக்கத்தையே. முன்னாளிற் பல ஒப்பந்தங்களில், நிலையான வாடகை ஒன்றும் விற்பனையில் ஒரு பங்கு ஒன்றும் எழுதி, 'இவற்றுள் எது கூடுதலோ அது' என்று முடித்துவிடுவார்கள். மாணவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்வோம். நிலையான வாடகை 6,000 வெள்ளி, விற்பனைப் பங்கு நூற்றுக்குப் பத்து என வைத்துக்கொள்வோம். விற்பனை 80,000 வெள்ளியான மாதத்தில் வாடகை 8,000. விற்பனை 50,000 வெள்ளியாகக் குறைந்த மாதத்தில், பங்கு 5,000 ஆயினும் செலுத்த வேண்டியது 6,000. நல்ல மாதத்தின் இலாபத்தில் இருவருக்கும் பங்குண்டு. கெட்ட மாதத்தின் நட்டமோ ஒருவருக்கே உரியது.

2020ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் கடைகளை அடைக்கச் செய்தபோது இத்தகைய ஒப்பந்தங்களின் பாரம் வெளிப்பட்டது. சிறு வியாபாரிகளுக்கு வாடகைச் சலுகை வழங்கச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பின்னர் கட்டிட உரிமையாளரும் வாடகையாளரும் கூடி ஓர் ஒழுங்குவிதியை வகுத்தனர். 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அதற்குச் சட்டவலு அளித்தது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட சில்லறை வியாபார வாடகை ஒப்பந்தங்களில் வாடகை ஒரே கணக்குமுறையிலேயே அமைதல் வேண்டும், 'எது கூடுதலோ அது' என்ற வாசகம் ஆகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. அத்தானின் நகல் இவ்விதிக்கு அமைந்தே இருந்தது. இருந்தபோதிலும் சட்டத்தரணி இரண்டு இடங்களில் அடையாளமிட்டார். ஒன்று, புகைக்குழாயைத் துப்புரவு செய்யும் செலவு யாருடையது என்பது. மற்றொன்று, அதே வரிசையில் இன்னொரு சைவ உணவுக்கடைக்கு இடம் கொடுக்கப்படுமா என்பது. முதலாவதற்கு எழுத்திலே தெளிவு கிடைத்தது. இரண்டாவதற்கு வாய்வார்த்தையே கிடைத்தது. "வாய்வார்த்தை கணக்கில் இல்லை என்று எண்ணியே முடிவு செய்யுங்கள்" என்றார் சட்டத்தரணி.

எமது நாட்டிலும் இதற்கு ஒப்பானதொரு பழைய அறிவு உண்டு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகள் இருவர் கையொப்பமிட, எழுதுதல் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. கொழும்பில் இன்று புதிதாக எழும் தொடர்மாடிகளின் கீழே கடை தேடும் எம்மவரும், கண்ணாடியின் அழகைப் பார்ப்பதோடு அமையாது, புகை போகும் வழியையும், மனிதர் நடக்கும் வழியையும், எழுத்தில் உள்ள வரியையும் பார்த்தபின்பே கையொப்பமிடுதல் நன்று.

அன்று மாலை சிலோன் ரோட்டில் உள்ள செண்பக விநாயகர் ஆலயத்துக்குச் சென்றோம். இலங்கையிலிருந்து அங்கு குடியேறிய தமிழர் வளர்த்த கோயில் அது. அத்தான் நெடுநேரம் கண்மூடி நின்றார். வெளியே வந்ததும், "சின்னக் கடைதான். எடுக்கிறேன்" என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதனை நேற்றே தீர்மானித்துவிட்டார் என்பது முகத்திலே தெரிந்தது.

நாம் ஊர் திரும்பி இரண்டு மாதங்களின் பின் அக்கா தொலைபேசியில் அழைத்தார். கடையில் வேலைகள் முடியும் தறுவாயில் இருந்தன. இரும்புக்கதவை அரைவாசி தாழ்த்திவிட்டு, பழைய கடையிலிருந்து கொண்டுவந்த இடியப்ப உரல்களை அவர் துடைத்துக்கொண்டிருந்தாராம். ஒன்பதாம் தளத்தில் வசிக்கும் சீன மூதாட்டி ஒருவர் அவ்வழியே சென்றவர், கதவின்கீழ்க் குனிந்து பார்த்து, உரலைக் காட்டி, "பூத்து மாயாமா?" என்று கேட்டார். இடியப்பத்துக்கு அங்கே வழங்கும் பெயர் அது. ஆம் என்றதும், எந்நாளில் திறப்பீர்கள் என்று விசாரித்தார்.

"வெள்ளிக்கிழமை" என்றாராம் அக்கா. மூதாட்டி தலையசைத்துவிட்டு மின்தூக்கியை நோக்கி நடந்தார். வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கதவு முழுவதும் உயர்வதற்கு முன்பே, கையில் ஒரு பாத்திரத்துடன் அவர் அஞ்சடியில் வந்து நின்றார்.